ஊரில் பத்து மாதம்: அம்மாவின் கிரீன் கார்டு இன்னும் செல்லுமா?

கேள்வி: நான் டல்லாஸில் இருக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். என் மூலமாக அம்மாவுக்கு (வயது 66) இரண்டு வருடத்துக்கு முன் கிரீன் கார்டு கிடைத்தது. பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் அம்மா மதுரைக்குப் போனார். பத்து மாதம் ஆகப்போகிறது. "ஆறு மாசம் தாண்டிருச்சு, கார்டு செத்துப்போச்சு. இங்கிருந்தே ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்துத் தர்றேன், 85,000 ரூபாய்" என்கிறார் ஒரு ஏஜெண்ட். பெரியப்பா மகனோ, "ஒரு வருஷம் வரைக்கும் யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்பு. உங்கள் பெரியப்பா மகன் அறியாமல் சொல்கிறார். ஏஜெண்ட் அறிந்தே சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் முதலில் அவர் கதையை முடித்துவிடுகிறேன்.

ரீ-என்ட்ரி பெர்மிட் என்பது, நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வர முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கும் அனுமதித் தாள். அதற்கு ஐ-131 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் நாளில் உங்கள் அம்மா அமெரிக்க மண்ணில் இருந்தாக வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. மதுரையிலிருந்து எந்த ஏஜெண்டாலும், எந்தத் தூதரகத்தாலும் அவருக்கு இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அப்புறம் எப்படி எடுத்துத் தருகிறார்கள்? அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, உங்கள் டல்லாஸ் முகவரியிலிருந்து தபாலில் அனுப்பச் சொல்வார்கள். அவர் விமானம் ஏறிய தேதி அரசாங்கத்திடம் இருக்கிறது. கைரேகைக்கு அமெரிக்க அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும்போது ஆள் இருக்க மாட்டார். விண்ணப்பம் தள்ளுபடியாகும், கட்டணம் திரும்பாது. "அமெரிக்காவில் இருக்கிறேன்" என்று எழுத்தில் கொடுத்த பொய் மட்டும் அம்மாவின் கோப்பில் கடைசிவரை கிடக்கும். ஏஜெண்ட் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார். இது மாதிரி வந்து அழுத குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போகட்டும், மீதியைக் கொடுக்காதீர்கள். அம்மாவின் அசல் பாஸ்போர்ட்டும் கார்டும் ஏஜெண்ட் கையில் இருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். ஆறு மாதம் தாண்டியதால் கார்டு சாகவில்லை. வெளியே இருந்தது ஒரு வருடத்துக்குள் என்றால், திரும்பி வருவதற்கு அந்தக் கார்டே போதும். ஆனால் தொடர்ந்து 180 நாள் தாண்டி வெளியே இருந்தவரை, புதிதாக அனுமதி கேட்டு வருகிறவரைப் போல நிறுத்தி விசாரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் கேள்வி வரும். கேள்வி வருவது வேறு, கார்டு போவது வேறு. ஒரு வருடம் முடிந்துவிட்டால்தான் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு வர முடியாது. விமான நிறுவனமே ஏற்றாமல் விடலாம்.

ஆகவே, அம்மா அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய தேதியைப் பழைய டிக்கெட்டில் பாருங்கள். வருடம் முடிய இரண்டு வாரமாவது இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். கடைசி வாரத்தில் போட்டு, அந்த நேரம் பார்த்து விமானம் ரத்தாகி நின்றவர்கள் உண்டு.

வழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்க இமிக்ரேஷன் சோதனை அங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடும். சாதாரணமாக அது வசதிதான். ஆனால் அங்கே சிக்கினால் நிற்பது அமெரிக்க மண் இல்லை, ஏற்றாமல் திருப்பி அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். உங்கள் அம்மா டல்லாஸிலோ வேறு அமெரிக்க ஊரிலோ இறங்கி விசாரணையைச் சந்திப்பதே நல்லது. ஊர்ப்பக்கம் டிராவல்ஸ்காரர்கள் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்குக் கமிஷன் எதில் அதிகமோ அந்த டிக்கெட்தான்.

இறங்கிய இடத்தில் என்ன நடக்கும்? "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நம் அம்மாக்கள் பளிச்சென்று "மதுரை" என்பார்கள். சொந்த ஊரைக் கேட்கிறார்கள் என்று அவர்கள் நினைப்பு. அதிகாரிக்கு அது, கார்டை விட்டுவிட்டு இந்தியாவில் குடியேறியவரின் வாக்குமூலம். உள்ளதைச் சொன்னால் போதும்: வீடு டல்லாஸில் மகளோடு, தாயாருக்கு எலும்பு முறிந்ததால் பார்த்துக்கொள்ளப் போனேன், இப்போது திரும்பிவிட்டேன். ஆங்கிலம் சரியாகப் புரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். பாட்டியின் டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் கடிதம், உங்கள் வீட்டு முகவரி உள்ள மாநில அடையாள அட்டை, இங்குள்ள வங்கிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், வரித் தாக்கல் நகல் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல. வரிப் படிவத்தில் வெளிநாட்டில் வசிப்பவர் என்று யாராவது போட்டுக் கொடுத்திருந்தால் அதை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இனி நான் அடித்துச் சொல்லும் விஷயம். ஐ-407 என்று ஒரு தாள் உண்டு. "என் கிரீன் கார்டை நானே விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்கிறேன்" என்பது அதன் சாரம். நீண்ட பயணத்தால் களைத்து, வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் வயதானவரிடம் அதை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பிரச்சினை" என்பார்கள். 2025 தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து திரும்பிய முதியவர்களுக்கு இப்படி நெருக்கடி கொடுக்கிறார்கள் என்று வழக்கறிஞர்கள் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. அம்மா கையெழுத்துப் போடக் கூடாது. விமான நிலைய அதிகாரிக்குக் கார்டை ரத்து செய்யும் அதிகாரம் இல்லை, அது குடிவரவு நீதிபதியின் வேலை. "நீதிபதியிடம் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அங்கே, அவர் வசிப்பிடத்தை விட்டுவிட்டார் என்று நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டாலும் தீர்ப்பு வரும்வரை அவர் நிரந்தர வசிப்பவர்தான். அதற்கான முத்திரையைப் பாஸ்போர்ட்டில் கேட்டு வாங்கலாம். மணிக்கணக்கில் உட்கார வைக்கலாம், சாப்பாடும் மருந்தும் கையில் இருக்கட்டும். உரிமை இருக்கிறது என்று சட்டத்தில் எழுதிவிட்டு, அதைக் கேட்டு வாங்கும் பாரத்தை 66 வயது அம்மாவின் தலையில் வைக்கிற ஏற்பாடு இது. என்ன சொல்ல!

ஒரு வருடம் தாண்டிவிட்டால்? எஸ்பி-1 என்ற திரும்பும் வசிப்பவர் விசா ஒன்று இருக்கிறது. டிஎஸ்-117 படிவம் கொடுத்து, அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் மூன்று விஷயத்தைக் காட்ட வேண்டும்: கிளம்பும்போது கார்டு செல்லுபடியாக இருந்தது, திரும்பும் எண்ணம் கடைசிவரை இருந்தது, தாமதம் தன் கைமீறிய காரணத்தால் நேர்ந்தது. மூன்றாவதில்தான் பெரும்பாலும் அடிபடும். 2020 மார்ச்சில் சர்வதேச விமானங்களை நிறுத்தினார்களே, அது கைமீறிய காரணம். அம்மாவே ஆஸ்பத்திரியில் படுத்து, பயணம் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதுவும். வீடு விற்கவில்லை, பேத்திக்குக் கல்யாணம், பத்திரப் பதிவு இழுத்தது என்பதெல்லாம் எடுபடாது. பாட்டியைக் கவனித்தது? நடுவில் நிற்கும் காரணம். பார்த்துக்கொள்ள வேறு பிள்ளைகள் இல்லையா என்று கேட்பார்கள், இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே சாயும். சரியென்று ஒப்புக்கொண்டாலும் மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி விசா கட்டணம். ஏஜெண்ட்கள் இதைச் சாதாரண ஸ்டாம்ப் மாதிரி விற்கிறார்கள். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்த வாசலுக்கே போக வேண்டாம்.

இன்னொரு நம்பிக்கையும் நம்மவர்களிடம் ஊறிக் கிடக்கிறது. ரேஷன் கார்டு ரத்தாகாமல் இருக்க அவ்வப்போது சர்க்கரை வாங்கி வைப்பது போல, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து இரண்டு வாரம் தலைகாட்டினால் கிரீன் கார்டு நிலைக்கும் என்று. நிலைக்காது. எத்தனை நாள் என்பதோடு, வாழ்க்கை எங்கே நடக்கிறது என்றும் பார்க்கிறார்கள். உண்மையில் அம்மாவின் மனசும் வீடும் மதுரைதான் என்றால், அதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்படிப்பட்டவருக்கு விசிட்டர் விசாவே பொருத்தம். அந்த முடிவை நிதானமாக வீட்டில் எடுக்கலாம், விமான நிலையத்தில் எடுக்கக் கூடாது.

இங்கேயே இருக்கப்போகிறார், ஆனால் பாட்டிக்காக மறுபடி நீண்ட நாள் போக வேண்டியிருக்கும் என்றால், வந்து சேர்ந்ததும் ஐ-131 போடுங்கள், கைரேகை கொடுத்த பிறகு கிளம்பட்டும். பெர்மிட் கைக்கு வரப் பல மாதம் ஆகும், சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல். பயணத்துக்கான தாளைப் பயணம் முடிந்த பிறகு தருவது எந்த ஊர் நியாயமோ. தயாரானதும் வெளிநாட்டுத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லிப் படிவத்திலேயே குறிக்கலாம். பெர்மிட் வழங்கப்பட்ட தேதியிலிருந்து பொதுவாக இரண்டு வருடம் செல்லும். குடியுரிமைக்கான ஐந்து வருடக் கணக்கை அது காப்பாற்றாது. இந்தப் பத்து மாதமே அந்தக் கணக்கை உடைத்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று அப்போது நீங்கள் காட்ட வேண்டியிருக்கும், அதனால் பாட்டியின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வந்தவுடன் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.