பழையது என்ற சொல்லுக்கு என்ன குறி போடுவது?

"கணினி ஒவ்வொரு சொல்லையும் எண்களாகத்தானே வைத்திருக்கிறது, பிறகு அதற்குப் பொருள் தெரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் யாரோ அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், தேர்வும் நெருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் கணினி படித்தவள் அல்ல, தமிழ் எம்.ஏ. ஆனால் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் ஒன்றரை ஆண்டு கணினிக்குக் கற்பிப்பதற்காகத் தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் குறி போடும் வேலை பார்த்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எண் என்றதும் மிரள வேண்டாம். நாம் எழுதும் சொல்லும் குறிதான். 'மரம்' என்ற ஒலியில் கிளையும் இல்லை, இலையும் இல்லை. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்கிறது தொல்காப்பியம். இந்தச் சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் என்பது பார்த்தவுடன் புலப்படாது. எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று பெருமை பேசுகிறேன் என யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தொல்காப்பியர் கணினியைப் பற்றிச் சொல்லவில்லை, குறியைப் பற்றிச் சொன்னார்.

கணினிக்குப் பொருள் சொல்ல முதலில் எடுத்த வழி, அறிஞர்கள் உட்கார்ந்து சொல்லுக்கும் சொல்லுக்கும் உறவு எழுதுவது. 1985இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேர்ட்நெட் அப்படிப்பட்டது. நாய் ஒரு விலங்கு, வால் அதன் உறுப்பு என்று வலை பின்னிக்கொண்டே போவார்கள். இன்றைய வழி வேறு. ஆளை அவன் சேர்க்கையை வைத்து எடை போடுவதைப் போலச் சொல்லையும் அதன் சேர்க்கையை வைத்து அறியலாம் என்று ஃபிர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1957இல் எழுதினார். 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்ட்டூவெக் என்ற நிரல் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. சொல் ஒவ்வொன்றுக்கும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசை. ஒரே மாதிரியான இடங்களில் வரும் சொற்களின் எண்களும் பக்கம் பக்கமாக அமையும். 'சோறு' எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'சாதமும்' வருவதால் இரண்டும் அண்டை வீடுகளாகிவிடும்.

குறியைக் குறியால் மட்டுமே விளக்கும் வழியில் ஒரு குறை உண்டு என்பதை 1990இலேயே ஸ்டீவன் ஹார்னாட் என்ற அறிவாற்றல் ஆய்வாளர் எழுதிவிட்டார். சீன மொழி தெரியாத ஒருவர் சீனத்திலிருந்து சீனத்துக்கே பொருள் சொல்லும் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கற்க முடியுமா? ஒரு குறி இன்னொரு குறியைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும். எங்கும் கால் தரையில் படாது. நீங்கள் கேட்பது இதைத்தான்.

இனி என் கதை. ஒரு நாள் என் தாளில் "அப்பா பழையது சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்" என்ற வாக்கியம் வந்தது. 'பழையது' என்பதற்கு இரண்டு குறிகள்தான் கொடுத்திருந்தார்கள்: பழைய பொருள், கெட்டுப்போன உணவு. நான் இரண்டையும் போடவில்லை. இரவு மிச்சச் சோற்றில் என் அம்மா தண்ணீர் ஊற்றி மூடிவைப்பார். விடிவதற்குள் அது இலேசாகப் புளித்திருக்கும். அப்பா அதில் மோர் ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் போவார். அதற்குக் 'கெட்டுப்போன உணவு' என்று என் கையால் குறி போட எனக்கு மனம் வரவில்லை.

இடத்தைக் காலியாக விட்டதற்காகத் தாள் திரும்பி வந்தது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையிலிருந்து வந்த சக ஊழியர், "பழைய சோறு என்பதுதான் சரி. பழையது என்பது உங்கள் பெங்களூர்த் தமிழ்" என்றார். தவறு. தஞ்சாவூரிலும் மதுரையிலும் கேட்டுப் பார்க்கட்டும்.

நீங்கள் கேட்காததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரின் அல்சூரில் பிறந்தவள் நான். 1809இல் இங்கே தண்டு, அதாவது ஆங்கிலேயர் படைக் குடியிருப்பு, உருவான பிறகு சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். தலைமுறை தலைமுறையாக இங்கே தமிழ் பேசுகிறோம். எங்கள் பேச்சில் கன்னடச் சொல் கலந்திருக்கும், அது அக்கம்பக்கத்தோடு ஒட்டி வாழ்ந்ததால் வந்தது. அதற்காக நாங்கள் வாய் திறந்தாலே திருத்த வருவது என்ன நியாயம்? இப்படித் திருத்தப்பட்டுப் பலர் வீட்டுக்கு வெளியே தமிழ் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணினிக்குப் பொருள் தெரியுமா என்றால், சொல்லின் சேர்க்கை அதற்குத் தெரியும், பல நேரம் நம்மைவிட நன்றாகவே தெரியும். புளித்த மோரின் மணம் தெரியாது. படம் காட்டியும் இப்போது கற்பிக்கிறார்களே என்று சிலர் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்துக்கும் பெரும்பாலும் யாரோ ஒருவர் பெயர் எழுதியிருப்பார். அந்தச் சோற்றை முகம் சுளித்துப் பார்த்தவர்களே அதிகம் எழுதியிருந்தால் அந்தச் சுளிப்பும் எண்ணாகி உள்ளே போய்விடும். கணினி படித்தவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஒரு வாரம் போராடியதில் 'நீரில் ஊறிய சோறு' என்ற மூன்றாவது குறியைச் சேர்த்தார்கள். ஆனால் அதே தாளில் நல்லது, கெட்டது, இரண்டும் இல்லாதது என்று உணர்வைக் குறிக்கும் இன்னொரு கட்டம் இருந்தது. அதில் முன்பே விழுந்திருந்த 'கெட்டது' என்பதை மாற்ற நேரமில்லை என்றார்கள். அந்தச் சொல் வந்த 37 வாக்கியங்களும் அப்படியேதான் அனுப்பப்பட்டன.