வயலை விற்று காலேஜ் சீட்டு வாங்க வேண்டாம், அண்ணாச்சி

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி, நேரில் வந்து பேசிவிட்டுப் போன பிறகும் போனில் அதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "பய ராத்திரி பூரா லேப்டாப்புல வானத்தைச் சுத்த விட்டுக்கிட்டே கெடக்கான். இவன் பொழச்சுக்கிடுவானா?" பிழைத்துக்கொள்வான். பிளஸ் டூ பாஸ், கட்-ஆஃப் 158, வம்புதும்புக்குப் போகாத பிள்ளை. ஆறுதல் இத்தோடு சரி. இனி எழுதப்போவது உங்களுக்கு அவ்வளவாக ருசிக்காது. இதே தவிப்பில் இன்னும் பல வீடுகள் இருப்பதால், பெயர் போடாமல் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற முக்கால் ஏக்கரைக் கொடுத்துவிட்டு, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு. மச்சினன் பேசி முடித்துவிட்டார், அட்வான்ஸ்தான் பாக்கி. இதுதானே ஏற்பாடு? இதைக் கைவிடுங்கள். "யோசிச்சுப் பாருங்க" என்று நான் இழுக்கப்போவதில்லை.

மச்சினன் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் வேலைக்குப் போன காலத்தில் ஐடி கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து கும்பல் கும்பலாக ஆள் எடுத்தன. அந்தக் காலத்துக் கணக்கை அக்கா மகனுக்கும் போட்டுப் பார்க்கிறார். ஆனால் வயல் அவருடையது இல்லை, நான்கு வருஷம் வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை. சீட்டுக்கு என்று ரசீது இல்லாமல் ஒரு தொகை கேட்கிறார்கள் என்றீர்களே, அந்த நன்கொடைக்குத் தமிழ்நாட்டில் 1992-லேயே தடைச்சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரசீது இல்லாத பணம் போனால் போனதுதான். மிச்சத்துக்குக் கல்விக்கடன் என்கிறீர்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பேங்க்காரர் சொத்து ஈடு கேட்பார், அப்போது ஈடு வைக்க உங்களிடம் மிஞ்சியிருப்பது குடியிருக்கிற வீடு. படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாமே தவிர, வட்டி முதல் மாதத்திலிருந்தே ஓடும். மகளுக்கு அடுத்து வரும் செலவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இஞ்சினியரிங்தான் வேண்டும் என்றால் தமிழக அரசின் கவுன்சிலிங்கில் 158-க்கு நன்கொடை இல்லாமலே ஏதோ ஒரு சீட்டு வரும். அது கிடக்கட்டும், பையன் அன்றைக்கு எனக்குத் திறந்து காட்டியதற்கு வருகிறேன். நீங்கள் அப்போது வெளியே போனில் பேசிக்கொண்டு இருந்தீர்கள்.

அவன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசு லேப்டாப். அதில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள். எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பார்த்தால் வானம் எப்படித் தெரியும் என்று அப்படியே திரையில் காட்டும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் அதிலேயே இருக்கின்றன. இதை மவுஸால் சுற்றிப் பார்க்கிற பிள்ளைகள் நிறைய. உங்கள் மகன் மவுஸைத் தொடவில்லை. எஃப்12 பட்டனைத் தட்டினால் ஒரு பெட்டி திறக்கிறது. அதில் வரிவரியாகக் கட்டளை எழுதி, வானத்தைத் தான் சொன்னபடி நடக்க வைக்கிறான். இதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். மொழி கிட்டத்தட்ட ஜாவாஸ்கிரிப்ட், வெப்சைட் செய்கிறவர்கள் எழுதுகிற அதே மொழி.

அவன் எழுதியிருந்தது 2010 ஜனவரி 15 வளைய சூரிய கிரகணம். கன்னியாகுமரியில் மத்தியானம் ஒன்றேகால் வாக்கில் சூரியன் பத்து நிமிஷம் மோதிரமாக நின்றதே, நம் பக்கமெல்லாம் இருண்டு மங்கியதே, அது. அப்போது அவன் கைக்குழந்தையாக இருந்திருப்பான்.

முதல் தடவை ஓட்டினபோது திரையில் கிரகணம் இல்லையாம், ஒரே இருட்டு. ஏன் என்று பார்த்திருக்கிறான். ஒன்றேகால் மணி என்று எழுதினதை மென்பொருள் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டுவிட்டது. நமக்கு அது ஐந்தரை மணி நேரம் தள்ளி, சாயங்காலம் ஆறே முக்கால். சூரியன் அதற்குள் கடலில் இறங்கியிருக்கும். நேரத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினான். மறுபடியும் இருட்டு.

இந்த இடத்தில் பத்தில் ஒன்பது பேர் லேப்டாப்பை மூடிவிடுவார்கள். இவன் துருவ நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்த்திருக்கிறான். அது கிட்டத்தட்ட தலைக்கு மேலே நின்றது. நம் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்தை ஒட்டி ஒன்பது டிகிரி வாக்கிலேயே கிடக்கும். மலை, மரம் மறைத்தால் தெரியக்கூடத் தெரியாது. அது தலைக்கு மேலே என்றால் நாம் நிற்கிற இடமே வேறே. இடத்தைச் சொல்கிற கட்டளையில் தீர்க்கரேகையை முதலில் எழுத வேண்டும், இவன் பூகோளப் பாடப் பழக்கத்தில் அட்சரேகையை முதலில் எழுதிவிட்டான். கன்னியாகுமரிக்குப் பதில் வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் நின்றிருக்கிறான். அங்கே ஜனவரி மாதம் சூரியன் உதிப்பதே இல்லை.

ஒரே இருட்டு, காரணம் இரண்டு. இரண்டாவதை அவன் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் படிப்பால் இல்லை, வானம் தெரிந்ததால். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் அண்ணாச்சி. புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வெளியே வருகிறார்கள், இப்போது இயந்திரமே கூட எழுதிக் கொடுக்கிறது. திரையில் வந்தது தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல, அந்த விஷயமே தெரிந்த ஆள் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரகணம் முழுசாக நடக்க நாலு மணி நேரம். அதை 300 மடங்கு வேகத்தில் ஓட்டி ஒரு நிமிஷத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, மோதிரம் நிற்கிற பத்து நிமிஷத்தை மட்டும் 30 மடங்காகக் குறைத்து இருபது விநாடி நிறுத்துகிறான். கீழே தமிழில் ஒரு வரி வந்து போகிறது. எங்கே ஓட விடணும், எங்கே நிறுத்தணும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சரி, இதுக்குச் சம்பளம் யார் கொடுப்பா?" நியாயமான கேள்வி, சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். கோளரங்கங்களில் இதேதான் வேலை. குவிமாடத்தில் வானத்தைக் காட்டுகிற நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் அடியில் இந்த மாதிரி ஒரு ஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. டிஜிஸ்டார் போன்ற பெரிய அமைப்புகளில்கூட ஸ்கிரிப்ட்தான். சென்னை பிர்லா கோளரங்கம், திருச்சி அண்ணா அறிவியல் மையம் இரண்டையும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டி 1987-லிருந்து மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. அது மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் கீழ் வருவது. ஆனால் இந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, விளம்பரம் வரும்போதுதான் வரும். அதை மட்டும் நம்பி இறங்கச் சொன்னால் நான் பொய் சொல்கிறவன்.

அவன் கையில் சேர்கிற திறமை அதைவிட அகலமானது. செலஸ்டியா, ஓப்பன்ஸ்பேஸ் என்று இதே மாதிரி வானம் காட்டுகிற மென்பொருள்கள் இரண்டிலும் லுவா மொழியில் ஸ்கிரிப்ட். கையா விண்கலம் அளந்த நட்சத்திரங்களைக் காட்டுகிற கையா ஸ்கையில் பைத்தான் மொழி. பைத்தான் வந்துவிட்டால் ஆஸ்ட்ரோபை, ஸ்கைஃபீல்டு என்று விஞ்ஞானிகளே அன்றாடம் பயன்படுத்துகிற ஆயத்த நிரல் தொகுப்புகள் கைவசமாகும். இன்னும் ஒரு படி ஏறினால், விண்கலப் பாதையைக் கணக்கிட நாசா இலவசமாக வெளியிட்டிருக்கிற ஜிமேட், அதுவும் ஸ்கிரிப்ட்டால் ஓடுவது. 2020-க்குப் பிறகு விண்வெளித் துறை தனியாருக்கும் திறந்து, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் கம்பெனிகள் வந்திருக்கின்றன. பாதை கணக்கிடவும் அதைப் படமாக்கிக் காட்டவும் அங்கே ஆள் வேண்டும்.

ஊரிலேயே செய்கிற மாதிரியும் ஒரு வழி உண்டு. காற்று ஊதி நிறுத்துகிற கூடாரம், சாதாரண புரொஜெக்டர், ஒரு குவியாடி. ஆடியில் பட்டு, கூரை முழுக்க விரிகிற மாதிரி படத்தை வளைத்துக் கொடுக்கிற வசதி ஸ்டெல்லேரியத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இதை எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அம்பாசமுத்திரம் பிள்ளைக்கு அம்பாசமுத்திரத்து வானத்தைத் தமிழில் காட்டுகிற நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. அகத்திய நட்சத்திரம் பொதிகைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெற்கே 28 டிகிரி உயரம் வரை ஏறும், டெல்லியில் ஒன்பது டிகிரியைக்கூடத் தொடாது. டெல்லியில் தொடங்கி பொதிகை வரைக்கும் பார்க்கிற இடத்தை இறக்கிக்கொண்டே வந்தால் அந்த நட்சத்திரம் திரையில் மேலே ஏறிக்கொண்டே வரும். தெற்கே வந்த முனிவர் கதைக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா? சித்திரை விசுவுக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 12 வாக்கில், திருநெல்வேலியில் உச்சிவேளையில் நட்ட கம்புக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் அதே மாதிரி. இதெல்லாம் ஸ்கிரிப்டாக வர வேண்டியவை. 2031 மே 21-ல் தென்னிந்தியா வழியாக மறுபடி ஒரு வளைய கிரகணம் வருகிறது. அதற்குள் இவன் எம்.எஸ்சி.யே முடித்திருக்கலாம்.

ஆக, படிப்பு பி.எஸ்சி. இயற்பியல். முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி உங்களுக்குப் பக்கம், பாளையங்கோட்டையில் சேவியர்ஸ், ஜான்ஸ் இருக்கின்றன. விண்ணப்பம் போடும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: அரசு உதவி பெறுகிற எய்டட் பிரிவா, கல்லூரியே சொந்தமாக நடத்துகிற செல்ஃப் பிரிவா? ஒரே கல்லூரி, ஒரே பாடம்தான், ஆனால் ஃபீஸ் வித்தியாசம் பெரிது. எய்டட் பிரிவு கிடைத்தால் மூன்று வருஷப் படிப்புக்கும் நீங்கள் வயல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வராது. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவன் கணக்கில் விழும். பஸ்ஸுக்கும் இன்டர்நெட்டுக்கும் அது போதும்.

"கம்ப்யூட்டர் கதவு மூடிடுமே" என்று மச்சினன் சொல்வார். மூடாது. கணக்குப் பாடத்தோடு பி.எஸ்சி. முடித்தவன் டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம், இப்போது அது இரண்டே வருஷம். வானத்திலேயே நிற்கிறேன் என்றால் ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., இல்லாவிட்டால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இஸ்ரோ மையம் இருக்கிற மகேந்திரகிரியைக் காட்டி "இஸ்ரோவுக்கு பி.இ. கேப்பான்லா" என்பார். இஸ்ரோவின் இஞ்சினியர் வேலைகளுக்குக் கேட்பது உண்மைதான். உங்கள் பையனோ ராக்கெட் இஞ்சின் பக்கம் போகவே ஆசைப்படவில்லை. நான் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் பேச்சு கிரகணத்துக்கே திரும்பியது.

இனி தம்பிக்கு. அப்பாவிடம் உனக்காக இவ்வளவு பேசியிருக்கிறேன், அதனால் உன்னிடமும் கறாராகவே பேசுகிறேன். வெக்டார் பிடிக்காது, முக்கோணவியல் போர் என்றாய். கோளப் பரப்பில் முக்கோணம் போடத் தெரியாதவன் வானத்தில் இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே தூரம் சொல்ல முடியாது. மென்பொருள் சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் முடியும், அதற்கு நீ தேவையில்லை. முதல் வருஷம் கணக்கில் அரியர் வைத்தால் நானே உன்னை எம்.சி.ஏ. பக்கம் தள்ளிவிடுவேன். கட்டளை விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், கூகுள் மொழிபெயர்ப்பில் படிக்காதே, தினம் ஒரு பக்கம் நேரடியாகப் படி. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் லேப்டாப் வேண்டாம். உன் அம்மா தூங்காமல் கிடக்கிறார்கள்.

காலேஜ் திறப்பதற்குள் மூன்று ஸ்கிரிப்ட் முடித்து வை. கிரகணம் ஒன்று, அகத்தியர் ஒன்று, நிழலில்லா நாள் ஒன்று. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. படித்த பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரைக் கேட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டு. எந்த இடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தை வெட்டு. அதற்குப் பிறகு கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குப் போய், தன்னார்வலராக வரலாமா என்று கேள்.

அண்ணாச்சி, மச்சினனிடம் நீங்களே பேசிவிடுங்கள். மதினியைப் பேச விட்டால் அக்கா தம்பி பேச்சு அழுகையில் போய் நிற்கும், பையனைப் பேச விட்டால் மரியாதை இல்லாதவன் என்ற பெயர் வரும். அட்வான்ஸைக் கட்ட வேண்டாம். அவசரப்பட்டு ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கண்காணிக்கிற ஏஐசிடிஇ-யின் விதி இருக்கிறது, அதைச் சொல்லி நானே கடிதம் எழுதித் தருகிறேன்.