பிடித்த ஊரில் என்னதான் பிடிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெனிஸ் போய்வந்த என் அக்காவிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஒரு மியூசியத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள். “சும்மா நடந்துகொண்டே இருந்தேன்” என்கிறாள். ஆனால் மறுபடியும் போகத் துடிக்கிறாள். பயணிகளுக்கு ஓர் ஊரில் அப்படி என்னதான் பிடித்துப்போகிறது?

பதில்: அக்கா உங்களுக்குப் பதிலைச் சொல்லிவிட்டார். பயணம் போய்வந்தவர்களிடம் நானும் இதையேதான் கேட்பேன். கோபுரம், அரண்மனை என்று ஆரம்பிப்பார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால், ஏதாவது ஒரு தெருமுனைக்கு வந்து நிற்பார்கள். “அங்கே இடப்பக்கம் திரும்பினால் ஒரு சின்னப் பாலம் வரும்” என்று கையை ஆட்டி வழி சொல்வார்கள். முகமே மாறிவிடும். அந்நிய ஊரில் யாரையும் கேட்காமல் நடந்து போய்வரத் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷம் அது. பயணத்தில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை.

வெனிஸில் அது சுலபமாகக் கிடைத்துவிடாது. பழைய நகருக்குள் காரும் பைக்கும் கிடையாது. நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள், நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள். நகரை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் பகுதிவாரியாக ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. முகவரியில் பகுதியின் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால், எந்தச் சந்து என்று புதியவருக்குப் புரியவே புரியாது. சுவர்களில் மஞ்சள் பலகைகள் ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் வழி காட்டும். சில முனைகளில் ஒரே இடத்துக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அம்புக்குறி இருக்கும். இரண்டு வழியிலும் போகலாம்!

முதல் நாள் பலகை பலகையாகப் பார்த்துத்தான் போவோம். அப்புறம் கண் வேறு எதையோ பிடித்துக்கொள்ளும். எனக்குக் கிணறுகள். சின்னச் சின்னச் சதுக்கங்களின் நடுவே கல்லில் செதுக்கிய பழைய கிணற்று வாய்கள் இருக்கும், மேலே மூடி போட்டிருப்பார்கள். ஒன்றில் பூவேலை, இன்னொன்றில் தேய்ந்துபோன குலச்சின்னம். பூவேலைக் கிணறு வந்தால் என் தங்குமிடத்துக்கு வலப்பக்கச் சந்து. அந்த அடையாளம் பழகிய பிறகு நான் வரைபடத்தை எடுக்கவே இல்லை.

கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரமைப்பு அறிஞர், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரவாசிகளிடம் அவரவர் ஊரை நினைவிலிருந்தே வரையச் சொன்னார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என்ற ஐந்தைக் கொண்டுதான் ஓர் ஊரை மனம் பிடித்துவைக்கிறது என்று 1960-இல் எழுதினார். அக்காவிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இஸ்தான்புல்லில் எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

பதில்: படகில் ஏறுங்கள். சுற்றுலாப் படகு வேண்டாம், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஏறும் சாதாரணப் பயணிகள் படகு போதும். எமினோனுவிலிருந்து காடிகோய்க்குச் சுமார் 20 நிமிடம், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கே போய்விடுவீர்கள். சூரியன் மறைகிற நேரத்தில் திரும்புகிற மாதிரி கிளம்புங்கள். வரும்போது வெளியே, இடப்பக்கம் உட்காருங்கள். பழைய நகரின் குவிமாடங்களும் மினார்களும் அந்தப் பக்கம்தான்.

கேள்வி: எல்லோரும் கூட்டம் கூட்டமாகப் போய் வெனிஸைக் கெடுக்கிறோம் என்கிறார்களே. போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: இந்தக் கவலை எனக்கும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணிகளின் வாடகை அறைகளாக மாறுவதும் அதற்கு ஒரு காரணம். 2021 ஆகஸ்டிலிருந்து, சான் மார்க்கோவை ஒட்டிய நீர்வழியில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வரக்கூடாது என்று தடை இருக்கிறது. 2024-இல், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் சில நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை.

போங்கள், ஆனால் தங்குங்கள். அரை நாளில் நாலு படம் எடுத்துக்கொண்டு ஓடினால் ஊருக்கும் பாரம், உங்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது. குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுக்காமல் ஓட்டலில் அறை எடுங்கள். சந்துகளில் வலப்பக்கமாக ஒதுங்கி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பாலத்துப் படிகளில் உட்காரவே உட்காராதீர்கள். காய்கறி வண்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி இறக்கிக்கொண்டு வருகிற பாட்டிக்கு வீட்டுக்குப் போக அது ஒன்றுதான் வழி.