மூடிய பட்டறையும் முதலிடமும்

கேள்வி: நிலவில் 12 பேரை நடக்கவிட்ட அமெரிக்கா, 1972-க்குப் பிறகு ஒருவரைக்கூட அங்கே இறக்கவில்லை. ஒவ்வொரு அதிபரும் வந்ததும் பழைய திட்டத்தை மாற்றுகிறார். சீனாவோ சொன்னதைச் சொன்னபடி செய்கிறது. விண்வெளியில் முதலிடம் வேண்டுமானால் தேர்தல், எதிர்க்கட்சி என்ற தொல்லை இல்லாத ஆட்சிதான் சரிப்படும் என்கிறேன். மறுக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: முடியும். உங்கள் கேள்வியின் முற்பாதி உண்மை. பிற்பாதியோடுதான் எனக்குச் சண்டை.

அமெரிக்கா வழுக்கியது 1972-இல் என்று நினைக்கிறீர்கள். 1968 ஆகஸ்டிலேயே வழுக்கிவிட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைக்க இன்னும் 11 மாதம் இருந்தது. அப்போதே, நிலவுக்கு ஆளைக் கொண்டுபோகும் சாட்டர்ன்-5 ராக்கெட் 15-க்கு மேல் செய்வதில்லை என்று நாசா முடிவெடுத்துவிட்டது. அன்றைய தலைவர் ஜேம்ஸ் வெப்பின் கையில் பணம் இல்லை. 1966-இல் நாட்டின் பட்ஜெட்டில் 4 சதவீதத்துக்கும் மேல் வாங்கிய நாசாவின் பங்கு, வியட்நாம் போருக்கு நடுவே ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டிருந்தது. உலகமே கைதட்டிய அந்த ஜூலை மாதத்தில், ராக்கெட் செய்த பட்டறைக்குப் புது ஆர்டர் கிடையாது. பறப்பதற்கென்றே செய்த பாகங்களைக் கொண்ட ஒரு சாட்டர்ன்-5, ஹூஸ்டனில் படுக்கவைத்த நிலையில் கால் நூற்றாண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பிறகுதான் அதற்கு ஒரு கூரை போட்டார்கள்.

பட்டறை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சாட்டர்ன்-5-இன் அடியில் எஃப்-1 என்ற 5 என்ஜின்கள் இருக்கும். 2012 வாக்கில், அலபாமாவில் உள்ள நாசாவின் மார்ஷல் மையத்தில் இளம் என்ஜினீயர்கள் சிலர், எடுத்து வைத்திருந்த பழைய எஃப்-1 ஒன்றை ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார்கள். வரைபடங்கள் தொலைந்துவிடவில்லை, இருந்தன. ஆனால் ஒவ்வொரு என்ஜினும் கையால் வெல்டிங் செய்து, அதனதன் போக்குக்கேற்பச் சரிபார்த்து முடித்தது. அந்தக் கைப்பக்குவம் வரைபடத்தில் ஏறவே இல்லை. பாட்டி போன பிறகு அவர் வைத்த குழம்பை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வைக்கிற மாதிரிதான். கழற்றிய பாகங்களை ஸ்கேன் செய்து, மாதிரி வரைந்து, ஒரு பகுதியை மட்டும் 2013 ஜனவரியில் எரித்துப் பார்த்தார்கள். தங்கள் நாட்டிலேயே, தங்கள் மொழியிலேயே எழுதி வைத்த ஒரு வேலையைத் திரும்பக் கற்பதற்கு இந்தப் பாடு.

அப்புறம் நீங்கள் சொல்லும் அதிபர் மாற்றம். 2004-இல் புஷ் மறுபடியும் நிலவுக்கு என்றார். ஏறத்தாழ 900 கோடி டாலர் செலவான பிறகு, 2010-இல் ஒபாமா அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வாழ்நாள் முழுக்க மேடையைத் தவிர்த்த ஆர்ம்ஸ்ட்ராங், நிலவுப் பயணம் போன சக வீரர்கள் லோவலோடும் செர்னனோடும் சேர்ந்து அதை எதிர்த்து வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். மறு வருடம் ஜூலையில் கடைசி விண்வெளி ஓடமும் இறங்கி நின்றுவிட்டது. அதிலிருந்து 2020 மே வரை, சொந்த மண்ணிலிருந்து ஒரு ஆளைச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப அமெரிக்காவால் முடியவில்லை. ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில்தான் இடம் வாங்கினார்கள். கடைசி வருடங்களில் ஓர் இருக்கைக்கு 8 கோடி டாலருக்கும் மேல்.

ஆனால் அந்த 2020 எப்படி வந்தது? தனியார் நிறுவனங்களிடம் விண்கலச் சேவையை விலைக்கு வாங்கலாம் என்ற யோசனைக்கு 2006-இல் புஷ் காலத்தில் விதை போட்டார்கள். ஒபாமா அதை வளர்த்தார். டிரம்ப் காலத்தில் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் டிராகன் விண்கலம் ஆட்களை ஏற்றிப் பறந்தது. 3 அதிபர்கள், 2 கட்சிகள், இடையில் தேர்தல்கள். யாரும் அந்த யோசனையைப் பிடுங்கி எறியவில்லை, அதனால் பலித்தது. அதே நாடு, அதே ஜனநாயகம்தான்.

இனி எதிர்க்கட்சி இல்லாத நாட்டுக்கு வருவோம். சோவியத் யூனியனின் நிலவு ராக்கெட் என்-1, 1969-க்கும் 1972-க்கும் இடையே 4 முறை ஏவப்பட்டு 4 முறையும் தோற்றது. 1974-இல் தலைமையை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் திட்டத்தையே நிறுத்தினார். செய்து வைத்த என்ஜின்களை அழிக்கச் சொல்லி உத்தரவு. அவற்றை வடிவமைத்த குஸ்னெத்சோவின் ஆட்களுக்கு மனம் வரவில்லை. கிடங்கில் மறைத்து வைத்தார்கள். ஏறக்குறைய 40 வருடம் கழித்து, 2013-இல், அந்த என்ஜின்கள்தான் ஒரு அமெரிக்க ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போயின. அங்கே போட்டியுள்ள தேர்தலும் இல்லை, கேள்வி கேட்கிற நாடாளுமன்றமும் இல்லை. திட்டம் மட்டும் ஒரே உத்தரவில் செத்தது.

சீனாவை நானும் வியக்கிறேன். சுற்று, இறங்கு, மண்ணோடு திரும்பு என்று 2004-இல் வரிசை போட்டார்கள். 2007-இல் சுற்றினார்கள், 2013-இல் இறங்கினார்கள், 2020-இல் மண் கொண்டுவந்தார்கள், 2024-இல் நிலவின் மறுபக்கத்திலிருந்தே கொண்டுவந்தார்கள். 20 வருடம் அந்த வரிசையை யாரும் கலைக்கவில்லை. பொறாமைப்பட வேண்டுமானால் இதற்குப் பொறாமைப்படுங்கள்.

நம் ஊருக்கு வாருங்கள். இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் மையம் இருக்கும் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி உங்களுக்குத் தூரமில்லை. கிரையோஜெனிக் என்ஜினையும் அதன் தொழில்நுட்பத்தையும் தர 1991-இல் ரஷ்யர்கள் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கா தடை போட்டது. 1993-இல், என்ஜின் மட்டும் தருகிறோம், வித்தையைத் தர மாட்டோம் என்று ஆகிவிட்டது. 1994-இல் நாமே செய்வது என்று இறங்கினோம். மைனஸ் 253 டிகிரி குளிரில் ஹைட்ரஜனைத் திரவமாக வைத்து, அதை எரிக்கிற என்ஜின். 2010 ஏப்ரலில் முதல் முயற்சி கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில், புறப்பட 74 நிமிடம் இருக்கும்போது எரிபொருள் கசிவைக் கண்டு நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5-இல் ஜெயித்தது. இந்த 20 வருடத்தில் டெல்லியில் நரசிம்ம ராவ், வாஜ்பாய், தேவ கவுடா, குஜ்ரால், மன்மோகன் சிங் என்று 5 பிரதமர்கள். மகேந்திரகிரியில் பட்டறையைப் பூட்டச் சொல்லி ஒருவரும் உத்தரவு போடவில்லை. 2023-இல் சந்திரயான்-3 ஏறிப்போன ராக்கெட்டின் மேல் அடுக்கும் கிரையோஜெனிக்தான்.

எனக்குள்ள கவலை வேறு. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்லது, மனதார வரவேற்கிறேன். ஆனால் முறைப்படி பார்த்தால் 2029, 2034, 2039 என்று 3 மக்களவைத் தேர்தல்கள் நடுவில் வருகின்றன. நம்மிடம் இருப்பது 2023-இல் அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரு விண்வெளிக் கொள்கை. கொள்கையை அடுத்த அமைச்சரவை ஒரே கூட்டத்தில் மாற்றலாம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். விண்வெளிச் செயல்பாடுகளுக்கான சட்ட வரைவை 2017-லேயே மக்கள் கருத்துக்கு வெளியிட்டார்கள். அது சட்டமாக வேண்டும். எனக்கு எழுதிய இதே சூட்டோடு உங்கள் தொகுதி எம்.பி.க்கும் ஒரு கடிதம் எழுதுங்கள், அந்த வரைவு என்ன ஆயிற்று என்று கேட்டு.