மூன்றாம் பக்கத்திலேயே பேய் வந்துவிட்டால்?

கேள்வி: மலை பங்களா ஒன்றை வைத்துத் திகில் கதை எழுதுகிறேன். மூன்றாம் பக்கத்திலேயே பேயைக் கொண்டுவந்தும் பயம் வரவில்லை என்கிறார்கள் நண்பர்கள். 'அந்த ஆள் ஏன் ஓடிப்போகாமல் அங்கேயே கிடக்கிறான்?' என்றும் கேட்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சரிசெய்தால் முதல் குறை பாதி தீர்ந்துவிடும்.

1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில், ஜோனாதன் ஹார்க்கர் கோட்டைக்கு வேலை விஷயமாகத்தான் போகிறான். அப்போதுதான் தேர்வில் தேறிய இளம் வக்கீல். கோட்டைக்குச் சொந்தக்காரரான டிராகுலா பிரபுதான் கட்சிக்காரர்; லண்டனில் வீடு வாங்கும் அவருக்குப் பத்திர விவரம் சொல்லவேண்டும். விடுதிக்காரி மண்டியிட்டுக் கெஞ்சி, கழுத்தில் சிலுவையை மாட்டிவிடுகிறாள். அவனுக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் கடமை என்று கிளம்பிவிடுகிறான். நமக்குப் புரிந்துவிட்டது, அவனுக்குப் புரியவில்லை. அங்கேதான் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் ஆளுக்கு அந்த பங்களாவில் என்ன வேலை? விட்டுவிட்டு வர முடியாத ஒன்றாக அது இருக்கட்டும்.

அடுத்தது, அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம். நள்ளிரவில் வந்திறங்கும் ஹார்க்கரின் பெட்டியைப் பிரபுவே தூக்கிப் போகிறார். 'நேரமாகிவிட்டது, ஆட்கள் இல்லை' என்கிறார். நம்பும்படியான காரணம்தான். பிறகு, கோட்டையில் எங்கும் கண்ணாடி இல்லை. வெளியே போகும் கதவெல்லாம் பூட்டு. ஒருநாள் பிரபுவே படுக்கை விரிப்பதையும் மேசையில் தட்டு வைப்பதையும் ஹார்க்கர் பார்த்துவிடுகிறான். வேலைக்காரர் என்று ஒருவருமே இல்லை! அப்படியானால் அன்றிரவு ஹார்க்கரைக் கோட்டைக்கு ஏற்றி வண்டி ஓட்டி வந்தது யார்? வழியில் சூழ்ந்த ஓநாய்களைக் கையசைவிலேயே விலக்கிய அந்த ஆள் யார்?

படுக்கை விரிப்பதில் என்ன திகில்? ஆனால் அந்த அற்பக் காட்சி, நாம் கடந்து வந்த பக்கங்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைக்கிறது. பிரபு தலைகீழாகச் சுவரில் ஊர்ந்து இறங்குவது இதற்குப் பிறகுதான் வருகிறது. முதலிலேயே வந்திருந்தால் அது வெறும் வித்தை.

திகில் வேறு, கோரம் வேறு என்று பிரித்துச் சொன்னவர் ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப். திகில் மனத்தை விரித்து விழிக்க வைக்கும், கோரம் அதைச் சுருக்கி உறைய வைக்கும் என்பது அவர் கணக்கு. இதைச் சொல்லும் அவருடைய கட்டுரை அவர் இறந்தபின் 1826இல் வெளிவந்தது. 1794இல் வந்த அவருடைய 'உடோல்போ' நாவலில், நாயகி எமிலி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பதைக் கதை முடியும் தறுவாயில்தான் சொல்கிறார். மெழுகு உருவம்! எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அதுவரை அந்தத் திரை என்னை விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இடி, மின்னல், ஆந்தை அலறலையெல்லாம் பாதியாகக் குறையுங்கள். வாசகர்கள் அவற்றுக்குப் பழகிவிட்டார்கள்.

மூன்றாம் பக்கத்துப் பேயை இப்போதைக்கு எடுத்துத் தனியே வையுங்கள். அந்த இடத்தில், பங்களாவில் தான் ஒருவன்தான் தங்கியிருப்பதாகக் காவல்காரன் சொல்லட்டும். மறுநாள் காலையில் சமையலறையில் கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர்கள், ஈரம் காயாமல்.