செம்பனைக்காக (எண்ணெய்ப்பனை) கம்புட் எனும் கரிச்சதுப்பு (peat) மண்ணில் நீரை வடித்தால் மீத்தேன் குறையுமே, நல்லதுதானே?

மீத்தேன் குறையும். ஆனால் மொத்தக் கணக்கில் பெரிய நட்டம்.

கோலாலம்பூருக்குத் தெற்கே கோலா லங்காட்டில் கம்புட் நிலத்தில் நின்றால், காலடியில் இருப்பது பாதி மட்கிய மரமும் வேரும்தான். உலர் எடையில் பாதிக்கு மேல் கார்பன். நீர் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால் பூஞ்சைகளுக்கு வேலை ஓடாது. ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் அசிட்டேட்டைப் பிளந்தோ, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தோ மீத்தேனை உண்டாக்கும். இதுவும் மந்தம்தான்: கட்டையில் எளிதில் மட்காத லிக்னின் அதிகம், மண்ணும் பிஎச் 3 முதல் 4 வரையுள்ள கடும் அமிலம். மேலே ஏறும் மீத்தேனில் ஒரு பகுதியை, காற்றுப் படும் அடுக்கிலுள்ள வேறு பாக்டீரியாக்கள் தின்று கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும்.

இப்போது கால்வாய் வெட்டுங்கள். நீர் இறங்கி ஆக்சிஜன் உள்ளே புகும், கம்புட் மட்கிக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். ஐபிசிசியின் (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) 2013 சதுப்புநில வழிகாட்டியில், நீர் தேங்கிய வெப்பமண்டலக் கம்புட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு சூடேற்றும், எனவே 27 ஆல் பெருக்கினால் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். வடித்த செம்பனைத் தோட்டத்துக்கோ 11 டன் கார்பன், அதாவது 40 டன் கார்பன் டை ஆக்சைடு! போதாக்குறைக்கு, மீத்தேன் முழுசாகவும் நிற்காது. கால்வாய் நீரிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

யூரியா போட்டால் நைட்ரஸ் ஆக்சைடும் சேரும். அதை நைட்ரஜனாக முடித்துவைக்கும் நொதி அமில மண்ணில் சரியாக உருவாகாது. எனவே பாதியிலேயே வாயு தப்பிவிடும். மீத்தேன் காற்றில் பத்தாண்டு அளவில் சிதையும். நைட்ரஸ் ஆக்சைடோ நூறாண்டுக்கு மேல் நிற்கும்.

ஏற்கெனவே தோட்டம் இருந்தால், கால்வாயில் மணல்மூட்டைத் தடுப்பு போட்டு நீர்மட்டத்தை மண்ணுக்குக் கீழே 40–60 செ.மீ.யில் பிடித்து வையுங்கள். சேதம் நிற்காது, குறையும். ரொம்பக் காய விட்டால் கம்புட் மறுபடி நீரை உறிஞ்சாது. பிறகு தீப்பொறி ஒன்று போதும், புகைமூட்டம்தான்.

இந்த வாயுக்களை அளக்கப் போகிறவர்கள் பலகைப் பாதை போட்டு நில்லுங்கள். மிதித்தால் குமிழி வெடித்து மீத்தேன் பொய்யாக ஏறும். மண்மேல் வைத்து வாயுவைப் பிடிக்கும் கலத்தை மூடி 0, 10, 20, 30 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். செம்பனை வேரின் சுவாசமும் அதில் கலந்திருக்கும். வேரறுத்த இடத்தில் தனியாக அளக்காவிட்டால் மட்குவது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. காட்டிலோ மரத்தண்டையும் அளக்க வேண்டும், மீத்தேனுக்கு அதுவும் ஒரு வாசல்.