அந்தப் பாதை ஆருடையது எண்டு முதல் கேளுங்கோ

கேள்வி: அண்ணை, பழைய ஹொண்டா எக்ஸ்எல்ஆர் ட்ரெயில் பைக் ஒண்டு வாங்கியிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமையில நாங்கள் நாலு பெடியள் மண் பாதை வழிய ஓடுறனாங்கள். போன மாசம் கூகிள் மப்பில கோடு கிடந்ததெண்டு ஒரு பாதைக்குள்ள இறங்க, இது காடு, போகேலாது எண்டு மறிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டினம். சட்டப்படி ஓடக்கூடிய பாதையை வன்னியில எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?
- கிளிநொச்சி வாசகர்

பதில்: தம்பி, மப்பில கோடு கிடந்தாப் போகலாம் எண்டில்லை. அந்தக் கோடு யானை நடந்த தடமாவும் இருக்கலாம், ஆரோ விறகுக்கு லாண்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) விட்ட தடமாவும் இருக்கலாம். நில அளவைத் திணைக்களத்தின்ர 1:50,000 மப்பில வண்டில் பாதை, அடிப்பாதை எல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கும், அது நல்ல மப், ஆனா அதுவும் பாதை இருக்கெண்டுதான் சொல்லும், உங்களுக்குப் போக உரிமை இருக்கோ எண்டு சொல்லாது.

பைக்குக்கெண்டு ஒதுக்கின ட்ரெயிலைத் தேடி அலையாதேங்கோ, சனம் நாளாந்தம் புழங்கிற கிறவல் றோட்டும் மண் ஒழுங்கையும்தான் உங்கட ட்ரெயில். அக்கராயன், வன்னேரி பக்கம், அங்கால துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் எண்டு கிராமத்துக்குக் கிராமம் போற உள்றோட்டுகள் ஒரு நாளுக்குக் காணும். இப்பிடியான ஊர் றோட்டுகள் பெரும்பாலும் பிரதேச சபையின்ர பொறுப்பு, சபைக் கந்தோருக்குப் போய் தொழில்நுட்ப உத்தியோகத்தரிட்டக் கேட்டா எது சபை றோட்டு, எது தனியார் காணிக்குள்ளால போறது எண்டு சொல்லுவார், ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை, நேர போய்க் கேளுங்கோ. சந்தேகமான இடத்துக்கு அந்த ஊர்க் கிராம சேவகர் இருக்கிறார்.

காடு எண்டா கதை வேற. 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டப்படி ஒதுக்கக் காட்டுக்குள்ள அனுமதி இல்லாமப் போறதே குற்றம். மடு றோட் எண்ட இடமும் சண்டிக்குளமும் 2015இல தேசியப் பூங்காவாக்கினவை, சண்டிக்குளம் மட்டும் 19,565 ஹெக்ரேயர், விடத்தல்தீவு 2016இல இயற்கை ஒதுக்கிடம். தேசியப் பூங்காக்குள்ள ரிக்கெற் எடுத்தாலும் மோட்டார் சைக்கிளை விடமாட்டினம்.

குளக்கட்டைப் பற்றி நீங்கள் கேக்கேல்லை, ஆனா நான் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா பெடியளுக்கு கட்டைக் கண்டா ஏறி இறங்க ஆசை வந்திடும். போன மாரியில ஒரு சின்னக்குளத்துக் கட்டில நிண்டு பாத்தனான், பைக் ஏறின இடத்தில நாலு விரல் ஆழத்துக்கு ரயர் தடம், மழைத்தண்ணி அந்தத் தடத்தையே வாய்க்காலாப் பிடிச்சு ஓடி, கட்டின்ர அடிக்கு வரேக்க முழங்காலளவு வெட்டிப்போட்டுது, ஒரு ஐயா தனியாளா மண்வெட்டியால அள்ளி அள்ளி அதை மூடிக்கொண்டு நிண்டவர். 2018 மார்கழியில இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து வெள்ளம் வந்ததைக் கண்ட சனத்துக்கு கட்டின்ர அருமை தெரியும். பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர, சின்னக்குளம் கமநலத் திணைக்களத்தின்ர, கட்டுக்கு மேலால பொது றோட்டுப் போனா அதால நேர போங்கோ, சரிவில மட்டும் ரயரை வையாதேங்கோ.

இனி கண்ணிவெடி. சண்டை முடிஞ்சது 2009இல, ஆனா முகமாலை மாதிரி இடங்களில வெடி கிளறி எடுக்கிற வேலை இன்னும் நடக்குது. மண்டையோடு கீறின சிவப்புப் போர்ட், சிவப்பு மை பூசின கட்டை கண்டா அதுக்கு அங்கால கால் கூட வைக்கப்படாது. போர்ட் இல்லாத இடத்திலயும் சனம் புழங்காத பாதைக்கு இறங்காதேங்கோ, வெள்ளம் மண்ணை அரிச்சா வெடி இடம் மாறியும் வரும், ஒண்டுக்குப் போறதுக்கும் பத்தைக்குள்ள போகாம றோட்டோரத்தில நில்லுங்கோ. சந்தேகமான சாமான் ஏதும் கண்டா தொடாம, வந்த தடத்தாலயே திரும்பி வந்து 119க்கு அடியுங்கோ.

மண் றோட்டெண்டாலும் பொது றோட்டுத்தான், அதால லைசன்ஸ், இன்சூரன்ஸ், வாகன வருமான வரிப்பத்திரம், ஹெல்மெட் எல்லாம் வேணும். காட்டோரப் பாதையெண்டா பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் திரும்புங்கோ, யானை குறுக்க நிண்டா தூரத்திலயே நிப்பாட்டிப் போட்டு வந்த வழியால போங்கோ, ஹோன் அடிச்சு, அக்சிலேட்டர் முறுக்கி அதை வெருட்டப் பாக்காதேங்கோ. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மண் ஒழுங்கையை விட்டிடுங்கோ, ஈரத்தில நீங்கள் உழுது விடுற றோட்டாலதான் அந்த ஊர்ப் பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள்.

கேள்வி: பைக்கில ஜம்ப் பழக விருப்பம். எங்க போறது?
- ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: பொது றோட்டில வேண்டாம். தெரிஞ்ச ஆற்றையேன் காணி கேளுங்கோ. காலபோகம் வெட்டி முடிஞ்சு பங்குனியில வயல் காஞ்சு கிடக்கேக்க, கமக்காரர் ஓமெண்டு சொன்னா ஒரு ஓரத்தில மண் குவிச்சுப் பழகலாம். வரம்பை உடைக்காம, குவிச்ச மண்ணைத் திருப்பிப் பரவிக் குடுத்திட்டு வந்தா அடுத்த வருசமும் தருவார். போட்டி எப்பிடி நடக்குதெண்டு பாக்க விருப்பமெண்டா அநுராதபுரம் சாலியபுரத்தில கஜபா சுப்பர்குறொஸ் எண்ட மோட்டார் பந்தயம் நடக்கிறது, ஒருக்காப் போய் அந்த ஓட்டக்காரர் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் என்னென்ன பாதுகாப்பு மாட்டியிருக்கினம் எண்டு கிட்ட நிண்டு பாத்திட்டு வந்து பழகத் தொடங்குங்கோ.